அக்காவிடம் சாவி இல்லாத பீரோ

ஒரே வாரத்தில் அக்காவும் அத்தானும் தனித்தனியே எனக்குப் போன் செய்தார்கள். அக்கா திங்கட்கிழமை, அத்தான் வியாழக்கிழமை. இருவரும் ஆக்லாந்தில் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். சொன்னதும் ஒன்றுதான்: உடனே கிளம்பி வா, நான் கூப்பிட்டதாகச் சொல்லாதே.

விஷயம் இது. அத்தான் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்க்கிறவர். சுடுவதற்கு அல்ல, சரித்திரத்துக்காக. போர் முடிந்ததும் வேண்டாமென்று ராணுவங்கள் கழித்துவிட்ட துப்பாக்கிகளைத் தேடிப்பிடித்து, துடைத்து, பூட்டி வைப்பதில் அவருக்கு ஒரு ஆனந்தம். நியூசிலாந்தில் அதற்கு உரிமம் வேண்டும். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது ஒரு அதிகாரி வீட்டுக்கே வந்து, துப்பாக்கிக்காரரை வெளியே அனுப்பிவிட்டு, அவர் மனைவியைத் தனியாக விசாரிப்பார். இந்த மனிதரிடம் துப்பாக்கி இருக்கலாமா, உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்பார். மனைவி முகத்தைச் சுளித்தால் உரிமம் போய்விடும். உரிமம் போனால் எல்லாத் துப்பாக்கிகளையும் வேறு கைக்கு மாற்றிவிட வேண்டும்.

பத்து வருடத்துக்கு முன் அக்கா எதையும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் 'எஸ்' சொல்லிவிட்டாள். அப்போது வீட்டில் இருந்தது ஒரு துப்பாக்கி. இப்போது ஏழு. இந்தத் தடவை 'நோ' சொல்லப் போகிறாளாம். அதற்குத் துணை நிற்க நான் வரவேண்டும் என்பது அக்காவின் போன். அவள் மனதைக் கரைக்க நான் வரவேண்டும் என்பது அத்தானின் போன்.

நான் திருச்சியில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறவர்களில் எத்தனையோ ரகம் பார்த்திருக்கிறேன். இரண்டு கட்சிக்கும் ஒரே ஆள் சாட்சியாக வந்து மட்டும் பார்த்ததில்லை. இருவரிடமும் சரி என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

ஆக்லாந்து விமான நிலையத்தில் துப்பாக்கிக்கு இருக்கும் மரியாதையைவிட இலை தழைக்கு மரியாதை அதிகம். வெளிநாட்டு விதை, பூச்சி, மண் எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அக்கா கேட்டது கறிவேப்பிலையும் மோர் மிளகாயும். அத்தான் கேட்டது, திருச்சியில் ஒரு பழைய இரும்புக் கடையில் அவர் போனிலேயே பேசி வைத்திருந்த பித்தளைக் குப்பி. நடுவிரல் நீளம், திருகு மூடி. அது என்ன என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், என் அக்கா புருஷனின் துப்பாக்கிக்கு எண்ணெய் போட என்று சொன்னேன்.

விமான நிலையத்தில் எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதோ அதைச் சொல்லிவிட்டேன் என்பது இன்னும் இரண்டு அதிகாரிகள் வந்து நின்றபோது புரிந்தது. நல்லவேளை, அதில் ஒருவர் வயதானவர். மூடியைத் திருகித் திறந்து, மோந்து பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டார். துப்பாக்கியின் பின்கட்டைக்குள் ஒளித்து வைக்கும் குப்பி இது, நூறு வருடத்துப் பொருள் என்று மற்ற இருவருக்கும் பாடம் எடுத்தார். குப்பியைக் கைக்குட்டையில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். கறிவேப்பிலையையும் மோர் மிளகாயையும் குப்பையில் போட்டார்.

ஆக, அத்தான் கேட்டது வந்து சேர்ந்துவிட்டது. அக்கா கேட்டது வரவில்லை. காரில் ஏறியவுடன் அக்கா இதைத்தான் முதலில் சொன்னாள். வீடு போய்ச் சேரும் வரை அதையே சொன்னாள்.

அவர்கள் வீடு சான்ட்ரிங்ஹாமில், கடைத்தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. கடைத்தெருவில் இறங்கினால் முருங்கைக்காய் கிடைக்கிறது, இட்லி அரிசி கிடைக்கிறது, ரவா தோசை கிடைக்கிறது. தோசைக்கடைப் பையன் தெலுங்கில் போன் பேசிக்கொண்டே என்னிடம் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பில் போட்டான். சாம்பாரில் பூசணிக்காய் தித்தித்தது. இந்த ஊர்ப் பூசணி அப்படித்தான் என்றாள் அக்கா. அவளுக்கு இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பூசணியை மன்னித்துவிட்டாள்.

எனக்குக் கொடுத்த அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு எஃகுப் பீரோ. பீரோவைச் சுவரோடும் தரையோடும் சேர்த்து முடுக்கியிருந்தார்கள். அதற்குள்தான் ஏழும். அக்காவுக்குத் துப்பாக்கி மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான். முதல் நாள் சாயங்காலமே தெரிந்துவிட்டது, கோபம் துப்பாக்கி மேல் அல்ல, பீரோ மேல். அதுவும் பீரோ மேல் அல்ல, சாவி மேல்.

உரிமம் உள்ளவரைத் தவிர வேறு யாருக்கும் அந்தச் சாவி இருக்குமிடம் தெரியக் கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம். பெற்ற பிள்ளைக்குத் தெரியக் கூடாது, கட்டிய மனைவிக்கும் தெரியக் கூடாது. எங்கள் அக்கா கல்யாணியோ, கல்யாணமான மறுநாள் மாமியார் இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்த சாவிக்கொத்தை இன்றுவரை கீழே வைக்காதவள். அத்தானின் சம்பளம் எந்த பாங்கில் விழுகிறது என்பது அத்தானைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவள் வீட்டில் ஒரு பீரோவுக்குச் சாவி இல்லை.

"தூசி தட்டணும், தொறங்கன்னு கேட்டேன். என்னை வெளில போய் நிக்கச் சொல்லிட்டு கதவைச் சாத்திக்கிட்டு சாவி எடுக்கறார் வசந்தி. என் வீட்டுல, என்னை."

அத்தானிடம் இதைச் சொன்னேன். சட்டம் அப்படி, நான் என்ன செய்ய என்று கையை விரித்தார். ஆனால் சொல்லும்போது முகத்தில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் அத்தான் எனக்குத் துப்பாக்கி காட்டினார். எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை அவருக்கு. அன்று வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிட்டு வேலையைத் தவிர மற்றதெல்லாம் செய்தார். என்னையும் வெளியே நிறுத்திச் சாவி எடுத்தார். பிறகு வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, தொட்டிலிலிருந்து எடுப்பது போல ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் கிடத்தினார். ஒன்றுக்கு மட்டும் கட்டை இல்லை, மர வேலைக்குப் போயிருக்கிறது என்றார்.

நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு பாங்க் வாசலில் தூங்குவார்களே, அதே த்ரீ நாட் த்ரீதான் ஏழில் ஐந்து. அதைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தேன் என்றேன். அத்தானுக்குச் சுருக்கென்றது. போருக்குப் பிறகு இந்த ஊரில் இவை மலிந்து கிடந்ததாம். மான் வேட்டைக்காரர்கள் வாங்கி, கனம் குறைய முன்கட்டையை ரம்பம் போட்டு அறுத்துவிடுவார்களாம். அறுபடாமல் தப்பியது அபூர்வம். அதிலும் உடம்பில் ஒரு எண், தாழ்ப்பாளில் அதே எண், குறிபார்க்கும் இடத்தில் அதே எண், கட்டையிலும் அதே எண் இருக்க வேண்டும். எல்லாம் பொருந்தினால்தான் சரித்திரம், இல்லாவிட்டால் வெறும் இரும்பு என்றார்.

"எங்க கல்யாணத்துக்கு ரெண்டு பொருத்தம் கூட சரியாப் பாக்கலை" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

ஒன்றைக் கூடச் சுட்டதில்லை அவர். குண்டே வீட்டில் கிடையாது. சுட்டால் குழாய் அழுக்காகிவிடும் என்றார். ஏழாவதாக எடுத்ததைக் கீழேயே வைக்கவில்லை. வங்காளத்தில் செய்தது, யாரோ நம் ஆள் தூக்கிக்கொண்டு எந்தப் போருக்கோ போயிருக்கிறான், இங்கே எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது, ஒரு பண்ணைக்காரரின் தட்டுமுட்டுச் சாமானோடு ஏலத்துக்கு வந்தது. அதன் பின்கட்டையில் ஒரு பித்தளை வில்லை. அதில்தான் பட்டாளத்தின் அடையாளமும் எண்ணும் குத்தியிருப்பார்கள். தேய்ந்து மழுங்கிப் போயிருந்தது. நான்கு வருடமாக லென்ஸ் வைத்து, விளக்கைச் சாய்த்து, போட்டோ எடுத்துப் பெரிதாக்கி எல்லாம் பார்த்துவிட்டாராம். ஒரு எழுத்து கூடப் படிக்க முடியவில்லை. திருச்சியிலிருந்து நான் கொண்டுவந்த குப்பி இந்தத் துப்பாக்கிக்குத்தான். அதன் பின்கட்டைக்குள் குப்பியை இறக்கியபோது அவர் முகத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது. இந்த ஏழும் போய்விட்டால் மனிதர் என்ன ஆவார் என்று முதல்முறையாக நினைத்தேன்.

மூன்றாம் நாள் தனியாக பஸ் ஏறினேன். அக்கா த்ரீ கிங்ஸ் கடைவளாகத்தில் வாரம் மூன்று நாள் துணிக்கடை வேலைக்குப் போகிறாள். வேலை முடிந்ததும் அங்கே சேர்ந்து காப்பி குடிப்பதாக ஏற்பாடு. பத்து நிமிடப் பயணம். நான் சாலையின் இந்தப் பக்கம் நிற்க வேண்டியவள் அந்தப் பக்கம் நின்றுவிட்டேன். இங்கே பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள், அட்டை வேண்டும். அது என்னிடம் இல்லை. ஓட்டுநர் என் புடவையையும் கையிலிருந்த நோட்டையும் பார்த்துவிட்டு, போய் உட்கார் என்று கையசைத்தார். இறங்குகிறவர்கள் எல்லாம் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். திருச்சியில் கண்டக்டருக்கு நன்றி சொன்னால், சில்லறை பாக்கி தரவில்லை என்று குத்திக்காட்டுவதாக நினைத்துக்கொள்வார். இதை ரசித்துக்கொண்டே இருந்ததில் பஸ் நகரத்துக்குள் போய்விட்டது.

கடைசி நிறுத்தத்தில் அதே ஓட்டுநர் என்னைத் திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் நான் தொலைந்ததைப் பற்றிக் கவலைப்படாமல், அத்தானிடம் பேசினாயா என்று கேட்டாள். துப்பாக்கியை எல்லாம் விற்கச் சொல்வது சுலபமில்லை, அவர் உயிரையே விட்டுவிடுவார் போலிருக்கிறது என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். யாருக்குப் புரியப் போகிறது என்ற தைரியம். முன் ஸீட்டில் இருந்த வழுக்கைத் தலை மெல்லத் திரும்பியது.

"தங்கச்சி, நீங்கள் சுந்தரம் அண்ணையின்ர வீட்டு ஆளோ?"

சுந்தரம் என்பது அத்தான்தான். கேட்டவர் பெயர் அன்ரன், இலங்கையில் மன்னார்க்காரர், தச்சு வேலை செய்கிறவர். ஆக்லாந்தில் தமிழில் துப்பாக்கி பற்றிப் பேசக்கூடிய வீடு ஒன்றுதான் என்பதால் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லையாம். அத்தானுக்கு நன்னடத்தைச் சான்று சொல்ல வெளி ஆள் ஒருவர் வேண்டும், அது இவர்தான் என்றும், அதிகாரி இவரிடம் போன வாரமே பேசியாகிவிட்டது என்றும் அப்போதுதான் தெரிந்தது. த்ரீ கிங்ஸில் அவரே என்னை இறக்கினார். அக்காவுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்ததால் பக்கத்துத் தெருவிலிருந்த தன் பட்டறைக்குக் கூட்டிப்போனார்.

பட்டறையில் அறுபட்ட ஒரு துப்பாக்கிக் கட்டையின் முனையில் புது மரம் ஒட்டிக்கொண்டிருந்தார். அத்தானுடையது. எங்கே பழையது முடிகிறது, எங்கே புதியது தொடங்குகிறது என்று விரலால் தடவினாலும் தெரியவில்லை. இரும்பு எங்கே என்று கேட்டேன்.

"இரும்பு அண்ணையிட்ட. அவர் கழட்டி வீட்டில வைச்சிட்டு மரத்தை மட்டும்தான் கொண்டுவருவார். நான் அதைத் தொடமாட்டன் எண்டு அவருக்குத் தெரியும்."

பிறகு ஏன் இவருக்கு உதவுகிறீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று அடுத்த நொடியே தோன்றியது. அவர் உப்புத்தாளால் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"இதுகள் பூட்டின பெட்டிக்குள்ள இருக்கு. சனம் வெளியில திரியுது. எங்கட பக்கத்தில துவக்கு வெளியில திரிஞ்சது, சனம் உள்ளுக்குள்ள இருந்தது. இப்பிடி மாறி இருக்கிறதைப் பாக்க எனக்கு நல்லாயிருக்கு."

அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை. தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்று கேட்டார். அதிகாரியிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "நல்ல மனுசன், ஆனா கதைக்கத் தொடங்கினா நிப்பாட்டமாட்டார் எண்டு சொன்னனான்" என்றார்.

நான்காம் நாள் ஆயுத பூஜை. அக்கா கூடத்தில் கோலம் போட்டு மிக்ஸி, தையல் மெஷின், கார் சாவி, லேப்டாப், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது எனக்கு ஒரு யோசனை. பெயரே ஆயுத பூஜை. வீட்டில் நிஜ ஆயுதம் ஏழு இருக்கும்போது மிக்ஸிக்கு மட்டும் பொட்டு வைத்தால் சாமி என்ன நினைக்கும் என்றேன். அக்கா யோசித்தாள். முறை என்று வந்துவிட்டால் அவள் கோபதாபம் பார்க்க மாட்டாள். ஒன்றை மட்டும் கொண்டுவரச் சொல் என்றாள்.

அத்தான் பூரித்துப்போய் அந்த வங்காளத்துத் துப்பாக்கியை எடுத்துவந்தார். கூடவே நிபந்தனைகளையும் கொண்டுவந்தார். தண்ணீர் படக் கூடாது, சந்தனம் கூடாது, குங்குமம் கூடாது, மாலை உரசக் கூடாது, தொடுவதென்றால் கையுறை போட வேண்டும்.

"சாமி காரியத்துக்கு நான் கையுறை போட மாட்டேன்" என்றாள் அக்கா. "வேணும்னா உள்ளயே வெச்சுக்கோங்க."

நான் நடுவில் புகுந்து, ஈரமில்லாத விபூதி மட்டும் என்று பேசி முடித்தேன். முப்பத்தோரு வருடத்தில் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்குக் கூட இவ்வளவு பேசியதில்லை. அத்தான் துப்பாக்கியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா எங்கே பூசுவது என்று மேலும் கீழும் பார்த்தாள். நெற்றி போல இருந்தது அந்தப் பித்தளை வில்லை ஒன்றுதான். மூன்று விரலால் விபூதியை எடுத்து அழுத்தி இழுத்தாள். கூடுதலாக விழுந்ததைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

துடைத்த இடத்தில், மழுங்கிய பள்ளங்களில் மட்டும் விபூதி தங்கியது. வெள்ளை வெளேரென்று இரண்டு எழுத்து. அதன் கீழே எண்பத்தேழு.

அத்தான் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. எழுத்தை வைத்து எந்தப் பட்டாளம் என்று புத்தகத்தில் கண்டுபிடித்துவிடலாம், எண்பத்தேழு அந்த ஆளுக்குக் கொடுத்த துப்பாக்கியின் எண், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவன் சொல்லியிருப்பான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். அவன் பெயர் என்ன என்று அக்கா கேட்டாள். பெயர் கிடைக்காது, யாரும் எழுதி வைக்கவில்லை என்றார்.

அக்கா வில்லையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுண்டல் நைவேத்தியத்தில் ஒரு கரண்டி எடுத்து, தனியே ஒரு கிண்ணத்தில் போட்டுத் துப்பாக்கி முன்னால் வைத்தாள். சாயங்காலத்துக்குள் அத்தான் மீதி ஆறுக்கும் விபூதி கேட்டு வந்தார். கொஞ்சம் நிறையவே வேண்டுமாம். முகத்துக்குப் போடுகிற பவுடரா இது என்று விரட்டினாள்.

அன்று பாத்திரம் கழுவும்போது அவளே சொன்னாள். "சரி, எஸ்னு சொல்லிடறேன். மனுஷன் அந்த ஒண்ணுலதான் சந்தோஷமா இருக்கார்." அத்தானிடம் போய்ச் சொன்னேன். வந்த காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரமான பெண்மணி. யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தது அக்காவுக்குப் பிடித்துப்போனது. அக்கா பட்டுக்கரைப் புடவை கட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்தாள். முறுக்கு வைத்தோம். அத்தானைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அவர் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு நேரே இருந்த எலுமிச்சை மரத்துக்கு அரைமணி நேரம் தண்ணீர் விட்டார். கூடத்தோடு சேர்ந்த சமையலறை என்பதால் எனக்கு எல்லாம் காதில் விழுந்தது.

இவருக்குக் கோபம் வருமா என்று அதிகாரி கேட்டார். சாம்பாரில் உப்பு இல்லாவிட்டால் கூடச் சொல்லத் தெரியாத மனிதர் என்றாள் அக்கா. குடிப்பாரா? கல்யாண நாளன்று ஒரு பீர், அதில் பாதி எனக்கு என்றாள். இது எனக்கே புதிய செய்தி. துப்பாக்கிகளைக் கண்டு பயமுண்டா? துப்பாக்கியைக் கண்டு இல்லை, அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால்தான் என்றாள். அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதினார். எல்லாம் வெண்ணெய் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது.

பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? இதுதான் அடுத்த கேள்வி.

தெரியாது என்பதுதான் சரியான பதில். உண்மையான பதிலும் அதுதான். இதைவிடச் சுலபமான கேள்வி எந்தச் சாட்சிக்கும் வாய்க்காது. ஆனால் வீட்டுக்கு வந்த ஒரு மூன்றாம் மனுஷியிடம், அதுவும் ஒரு பெண்ணிடம், என் புருஷன் என்னிடம் சாவி கொடுப்பதில்லை என்று சொல்ல எங்கள் அக்காவுக்கு நாக்கு வளையுமா? நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த வீட்டில் எனக்குத் தெரியாத சாவியே கிடையாது என்றாள். போதாததற்குக் கொத்தை இடுப்பிலிருந்து உருவிக் குலுக்கிக் காட்டினாள்.

அதிகாரியின் பேனா நின்றது. என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே சத்தம் கேட்டிருக்காது, ஆனால் குலுக்கியது தெரிந்திருக்கிறது. அத்தான் குழாயைத் தன் கால்சட்டை மேலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

நிச்சயமாகத் தெரியுமா என்று அதிகாரி மறுபடி கேட்டார். தெரியும் என்றாள். அப்படியென்றால் திறந்து காட்டுங்கள் என்றார்.

மூவரும் என் அறைக்குப் போனோம். கொத்தில் பதினொரு சாவி. முதல் சாவி நுழையவே இல்லை. இரண்டாவது நுழைந்து சுற்றவில்லை. மூன்றாவது திருச்சி வீட்டு மர பீரோவுடையது என்று எனக்கே தெரியும். பெட்டிச் சாவி, தபால்பெட்டிச் சாவி, எப்போதோ விற்றுவிட்ட காரின் சாவி என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். போடப் போட முதுகு குனிந்துகொண்டே வந்தது. நான் போதும் அக்கா என்றேன். அவள் கேட்கவில்லை. பதினொன்றாவது சாவி பாதியில் சிக்கி வளைந்தது. அதை இழுத்து எடுத்தாள்.

திரும்பி நின்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். முப்பத்தாறு வருடமாக இவரோடு வாழ்கிறேன், இந்தச் சாவியை எங்கே வைக்கிறார் என்று எனக்குத் தெரியாது, என்னிடம் சொன்னதே இல்லை.

அதிகாரி நிறைய எழுதினார். இத்தனை வருட வேலையில் ஒரு மனைவியிடமிருந்து இவ்வளவு நல்ல பதில் வந்ததில்லை என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பிறகு ஈரக் கால்சட்டையோடு அத்தானைக் கூப்பிட்டு பீரோவைத் திறக்கச் சொன்னார். அத்தான் வழக்கம்போல எங்களை வெளியே போகச் சொன்னார். அக்காவும் நானும் தாழ்வாரத்தில் நின்றோம். உள்ளே கதவு சாத்திய சத்தம் கேட்டது. அக்கா கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கண் நிறைந்திருந்தது. நான் கேட்டு வந்த 'எஸ்' கிடைத்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

விடைபெறும்போது அதிகாரியை அக்கா நிறுத்தினாள். அந்தச் சாவி எனக்கும் வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். நீங்களும் உரிமம் எடுக்கலாம் என்றார் அவர். விண்ணப்பம், ஒரு பரீட்சை, ஒரு பயிற்சி வகுப்பு, பிறகு இதே போல விசாரணை. யாரை விசாரிப்பீர்கள் என்றாள் அக்கா. உங்கள் கணவரைத்தான் என்று சொல்லி, முறுக்குப் பொட்டலத்தை வேண்டாமென்று வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

இங்கே வெளிச்சம் இருக்கும்போதே ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடுகிறது. அத்தான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் லேப்டாப்பைத் திறந்து விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். துப்பாக்கி எதற்காக வேண்டும் என்று ஒரு கட்டம். 'தூசி தட்ட' என்று ஆங்கிலத்தில் அடித்தாள். அடுத்த கட்டத்தில் அத்தானின் பெயரையும் போன் நம்பரையும் அடித்தாள்.

"கோபம் வருமான்னு கேப்பாங்க கல்யாணி" என்றார் அத்தான்.

"கேக்கட்டும். நடந்ததைச் சொல்லுங்க."

அத்தான் தோசையை விண்டுகொண்டே இருந்தார், வாயில் போடவில்லை. பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னார். "சட்டம் சட்டம்னு உன்கிட்ட சொன்னேன். சட்டம்தான். ஆனா எனக்கு அது பிடிச்சிருந்தது. இந்த வீட்டுல ஒரு சாவியாவது என்கிட்ட இருக்கேன்னு."

அக்கா லேப்டாப்பை விட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இந்த முப்பத்தாறு வருடத்தில் அப்படி ஒரு கணக்கு இருந்தது அவளுக்குத் தெரியாது என்பது முகத்தில் எழுதியிருந்தது. எனக்கும்தான் தெரியாது. நான் சட்னிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"சொல்லியிருந்தா வேற ஒரு பீரோ கொடுத்திருப்பேனே" என்றாள்.

அக்கா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அனுப்பு என்ற பொத்தான் மேல் விரலை வைத்து எடுத்தாள். அழிக்கவும் இல்லை. இருக்கட்டும் என்று சொல்லி லேப்டாப்பை அப்படியே மூடி, அடுப்படிக்குப் போய் அவருக்கு இன்னொரு தோசை ஊற்றினாள். அத்தான் அதையும் சாப்பிட்டுவிட்டு, நான் பார்க்க அந்த வீட்டில் முதல்முறையாக, தன் தட்டைத் தானே கழுவி வைத்தார்.